எது வழி? எது விழிப்பு?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்க நூலகத்தில் பழைய ஆண்டு மலர்களைத் தூசி தட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். நம்மில் பலருக்கும் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன் வந்து எதிரே உட்கார்ந்தான். கணினித் துறையில் வேலை. முப்பது வயது இருக்கும். "மாமா, ஒண்ணு கேட்கணும். சிரிக்கக் கூடாது" என்று ஆரம்பித்தான்.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினான். ஏழு நாள் தியான முகாம். ஏழாம் நாள் முடிவில் 'ஆத்ம விழிப்பு' உறுதி என்று அதில் அச்சிட்டிருந்தது. கட்டணம் அவனுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். வங்கியில் போட்டிருந்த வைப்புத் தொகையை உடைக்கப் போகிறானாம். "அம்மாகிட்ட இன்னும் சொல்லலை" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்: "எத்தனையோ வழி சொல்றாங்க மாமா. எது சரின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? விழிப்பு வந்தா, வந்ததுன்னு எப்படித் தெரியும்?"

நூலகத்தைப் பூட்டும் நேரம் ஆகிவிட்டது. அவசரத்தில் ஏதோ பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. அவன் கேட்டவை இரண்டும் நல்ல கேள்விகள். நம் சங்கத்தில் இன்னும் பலர் வெளியே சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருக்கும் கேள்விகளாகவும் இருக்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் துறவியல்லன், தத்துவப் பேராசிரியனும் அல்லன். கணக்கு எழுதிப் பிழைத்த இல்லறத்தான். ஆனால் இதே கேள்விகளுக்கு ஒருமுறை தவறான விடையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு விலை கொடுத்தவன்.

நான் கொடுத்த விலை

1996இல் எங்கள் மூத்த மகனை இழந்தோம். மூளைக் காய்ச்சல். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதைப் பற்றி மேலே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு எனக்கு உறக்கம் போயிற்று. கோயிலுக்குப் போனால் கோபம் வந்தது. அலுவலக நண்பர் ஒருவர் ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அந்த அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். வாடகை மண்டபம், வெள்ளைத் துணி விரிப்பு, மெல்லிய இசை. மூன்றாம் நாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது நெற்றியில் ஒளி தெரிந்தது. உடல் லேசாகிவிட்டது. நிற்காமல் அழுதேன். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக அன்றிரவு தூங்கினேன். எனக்கு 'முதல் நிலை விழிப்பு' சித்தித்துவிட்டதாகச் சொல்லி மாலை போட்டார்கள். நானும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி பையனுடைய பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இந்தத் துக்கமெல்லாம் அஞ்ஞானம், உடம்புதான் போயிற்று, ஆத்மா போகவில்லை" என்று அவளுக்கு உபதேசம் செய்தேன். அவள் பதில் சொல்லவில்லை. இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று நான் ஏறிக்கொண்டே போனேன். வைப்பு நிதியிலிருந்து 40,000 ரூபாய் கடன் எடுத்துக் கட்டினேன். ஒரு நாள் அவள் சொன்னாள்: "உங்களுக்கு ஞானம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் என்னோடு பேச ஆளில்லை."

கணக்கு எழுதுகிறவன் என்ற பழக்கத்தால் ஒருமுறை அந்தக் கூட்டத்தில், வசூலாகும் பணத்துக்கு வரவு செலவு காட்டுவார்களா என்று கேட்டேன். எல்லோர் முன்னிலையிலும் எனக்குக் கிடைத்த விடை இது: "உன் அகங்காரம் இன்னும் சாகவில்லை. சந்தேகம்தான் உன் நோய்." அன்று மண்டபத்தை விட்டு வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஆனால் நடுவில் இரண்டு ஆண்டுகள் போய்விட்டன.

இப்படி ஏமாறுவதற்கு நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரில் ஒருவர் வந்து மடம் போட்டால், அவர் யார், எங்கிருந்து வந்தார், போன இடத்தில் என்ன செய்தார் என்று விசாரித்துச் சொல்ல நாலு பெரியவர்கள் இருப்பார்கள். இங்கே துக்கம் வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளவும் ஆளில்லை, பிடிக்கிற கை எப்படிப்பட்டது என்று சொல்லவும் ஆளில்லை.

நரேந்திரன் கேட்ட கேள்வி

சந்தேகம் நோய்தானா? இதற்கு விடை தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நாம் வசிக்கும் இந்தக் கொல்கத்தாவிலேயே அதற்குச் சான்று இருக்கிறது.

1863 ஜனவரி 12ஆம் தேதி வடகல்கத்தாவின் சிமுலியா பகுதியில் பிறந்த நரேந்திரநாத தத்தர், பிற்காலத்து விவேகானந்தர், கல்லூரியில் படித்த நாட்களில் பார்க்கிற பெரியவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்: "நீங்கள் கடவுளைக் கண்டிருக்கிறீர்களா?" பிரம்ம சமாஜத்தின் தலைவர் தேவேந்திரநாத தாகூரிடமும் கேட்டார். உனக்கு யோகியின் கண்கள் இருக்கின்றன என்று அவர் பாராட்டினாரே தவிர, கேட்டதற்கு விடை சொல்லவில்லை. இன்று ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி என்று வழங்கும் கல்லூரியில் முதல்வராக இருந்த வில்லியம் ஹேஸ்டி, வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதையை விளக்கும்போது, மெய்ம்மறந்த நிலை என்றால் என்ன என்று அறிய வேண்டுமானால் தட்சிணேஸ்வரத்துப் பரமஹம்சரைப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொன்னாராம். 1881 நவம்பரில் ஓர் அன்பரின் வீட்டில் பாட்டுப் பாடப் போன நரேந்திரர் அங்கே ராமகிருஷ்ணரை முதலில் பார்த்தார். பிறகு தட்சிணேஸ்வரம் போனார். அதே கேள்வியைக் கேட்டார். ஆம், உன்னைப் பார்ப்பதுபோலவே பார்க்கிறேன், இன்னும் தெளிவாகவே பார்க்கிறேன் என்று அவருக்கு விடை கிடைத்தது.

கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நமக்குப் பாடம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. விடை கிடைத்ததும் நரேந்திரர் காலில் விழுந்து சரணடைந்துவிடவில்லை. இவர் தூய்மையானவர், ஆனால் சித்தம் கலங்கியவரோ என்று ஐயுற்றார். அடுத்து ஒருமுறை போனபோது ராமகிருஷ்ணர் அவரைத் தொட்டார். சுவர்களும் அறையும் சுழன்று மறைவதுபோல ஆயிற்று. எனக்கு வீட்டில் தாய் தந்தையர் இருக்கிறார்களே என்று நரேந்திரர் அலறிவிட்டார். நானாக இருந்தால் அன்றே மாலை போட்டுக்கொண்டிருப்பேன். அவரோ, இது மனவசியமாக இருக்குமோ, அடுத்த முறை எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். தமக்கு நேர்ந்த பெரிய அனுபவத்தையே அவர் ஐயப்பட்டார்.

ராமகிருஷ்ணர் பணத்தைத் தொடமாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். அதையும் நரேந்திரர் சோதித்தார். அவர் இல்லாத நேரம் பார்த்து ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்கைக்கு அடியில் வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், தேள் கொட்டியதுபோல எழுந்துவிட்டார். படுக்கையை உதறியபோது நாணயம் விழுந்தது. வைத்தவர் யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கோபித்துக்கொண்டாரா? மகிழ்ச்சியடைந்தார். நாணயம் மாற்றுகிறவன் காசைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல என்னையும் சோதித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே சீடர்களுக்கு அவர் சொன்ன அறிவுரை. லட்சுமி நாராயணர் என்ற மார்வாடி அன்பர் 10,000 ரூபாய் தர முன்வந்தபோது வேண்டாம் என்று மறுத்தவர் அவர். அந்தக் காலத்து 10,000 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சோதனை ஒருபக்கமாகவும் இல்லை. ராமகிருஷ்ணர் சில வாரங்கள் நரேந்திரரோடு பேசாமலே இருந்து பார்த்தார். அவரோ வருவதை நிறுத்தவில்லை. நான்தான் பேசுவதில்லையே, ஏன் வருகிறாய் என்று கேட்டதற்கு, உங்கள் பேச்சைக் கேட்கவா வருகிறேன், உங்கள்மேல் அன்பு, அதனால் வருகிறேன் என்று சொன்னாராம். காசிப்பூர் தோட்ட வீட்டில் ராமகிருஷ்ணர் தொண்டைப் புற்றுநோயால் துன்பப்பட்ட இறுதி நாட்களில்கூட நரேந்திரரின் மனத்தில் ஓர் ஐயம் எழுந்ததாக அவருடைய வரலாறு கூறுகிறது. 1886 ஆகஸ்டு 16ஆம் தேதி ராமகிருஷ்ணர் மறைந்தார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஐயமும் அன்பும் சேர்ந்தே நடந்தன. 'சந்தேகம் உன் நோய்' என்று அவருக்கு ஒரு நாளும் யாரும் சொல்லவில்லை.

இந்த உறவின் பலன் நம் தமிழகத்துக்கும் வந்து சேர்ந்தது. 1893இல் விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்ப வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியவர் சென்னை ஆசிரியர் அளசிங்கப் பெருமாள். 1897இல் சென்னைக்கு வந்து மடத்தைத் தொடங்கிய சசி மகராஜ் என்னும் ராமகிருஷ்ணானந்தர், ராமகிருஷ்ணரின் நேர்ச் சீடர்.

வழிகள் எத்தனை?

இனி, 'எது சரியான வழி' என்ற முதல் கேள்வி. மனிதர்களின் இயல்பு ஒன்றுபோல் இல்லாததால் வழியும் ஒன்றுபோல் இல்லை என்பதே நம் முன்னோர் கண்ட முடிவு. விவேகானந்தர் இதை நான்காக வகுத்துச் சொன்னார். செயலில் நாட்டம் உடையவனுக்குக் கர்ம யோகம், அன்பில் உருகுகிறவனுக்குப் பக்தி யோகம், மனத்தை அடக்கி ஆராய விரும்புகிறவனுக்கு ராஜ யோகம், 'நான் யார், எது உண்மை' என்று பகுத்தறிய விரும்புகிறவனுக்கு ஞான யோகம்.

நமக்கு இது புதிய செய்தி அல்ல. சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு உண்டு. கோயிலைப் பெருக்குவதும் விளக்கேற்றுவதும் பூத்தொடுப்பதும் சரியை. பூசை செய்வது கிரியை. மனத்தை ஒருமுகப்படுத்துவது யோகம். மெய்ப்பொருளை உணர்வது ஞானம். அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகிய நால்வரையும் முறையே இந்த நான்கு நெறிகளுக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்வது மரபு. உழவாரத்தைக் கையில் பிடித்துப் புல் செதுக்கிய அப்பரை யாரும் குறைந்தவர் என்று சொல்வதில்லை.

வைணவத்தில் சரணாகதியைப் பற்றியே இரண்டு விளக்கங்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது; பூனைக் குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறது. வடகலையார் முதலாவதையும் தென்கலையார் இரண்டாவதையும் உவமையாகக் கொண்டார்கள். இதே குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் தட்சிணேஸ்வரத்தில் ராமகிருஷ்ணரும் தம் அன்பர்களுக்குச் சொல்லியிருக்கிறார். காவிரிக் கரையிலும் கங்கைக் கரையிலும் ஒரே உவமை!

எனவே 'எது உயர்ந்த வழி' என்பது பயனில்லாத கேள்வி. 'என் இயல்பு எது' என்பதே பயனுள்ள கேள்வி. அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார முடியாதவர், அன்னதானத்தில் ஐந்து மணி நேரம் சலிக்காமல் பரிமாறுவதை நம் சங்க விழாக்களில் பார்க்கிறோம். அவருடைய வழி அவர் கையிலேயே இருக்கிறது. இன்னொருவருக்குத் திருப்புகழைக் கேட்டால் கண் கலங்கும். மற்றொருவருக்குப் பாட்டு வேண்டாம், தனிமையும் ஆராய்ச்சியும் போதும். இந்த இயல்பைப் பார்க்காமல், பக்கத்து வீட்டுக்காரர் போகிறார் என்று போவது, அடுத்தவர் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு ஒப்பாகும்.

நாம் ஊரிலிருந்து பெட்டியோடு கொண்டுவந்த வழி ஒன்று நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. பாட்டியின் கந்த சஷ்டி விரதம், அப்பாவின் திருவாசகம், வெள்ளிக்கிழமை விளக்கு. அதை முதலில் ஓர் ஆண்டு கருத்தோடு செய்து பார்க்கலாம். பழையது என்பதற்காக அது தாழ்ந்ததும் இல்லை. நம்முடையது என்பதற்காக அதிலேயே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆனால் ஒன்று. தேர்ந்தெடுத்த பிறகு நிலைத்து நிற்க வேண்டும். கிணறு வெட்டுகிறவன் பத்தடி தோண்டித் தண்ணீர் இல்லை என்று இடம் மாற்றி, அங்கேயும் பத்தடி தோண்டி மறுபடி இடம் மாற்றினால் என்றைக்கும் தண்ணீர் காணமாட்டான் என்பதும் ராமகிருஷ்ணர் சொன்ன உவமைதான். ஒரு வாரம் ஒரு முகாம், மறுவாரம் வேறு முகாம் என்று அலைகிறவர்களுக்கு இது பொருந்தும். சேருமுன் நன்றாக ஐயப்படுங்கள். சேர்ந்தபின் பொறுமையாகத் தோண்டுங்கள்.

விலகுவது துரோகமா?

'ஓரிடத்தில் சேர்ந்துவிட்டேன், சரியில்லை என்று தெரிகிறது, விலகினால் பாவமோ' என்று அஞ்சுகிறவர்களுக்குப் புத்தரின் வாழ்க்கை துணை நிற்கிறது. வீட்டை விட்டுப் புறப்பட்ட சித்தார்த்தர் முதலில் ஆளார காலாமர் என்ற ஆசிரியரிடம் பயின்றார். அடுத்து உத்தக ராமபுத்தரிடம் பயின்றார். இருவரும் கற்பித்த ஆழ்ந்த தியான நிலைகளை எட்டிவிட்டார். எங்களோடு இருந்து கூட்டத்தை நடத்து என்று ஆசிரியர்களே அழைத்தார்கள். ஆனால் இந்த நிலைகள் துக்கத்தின் வேரை அறுக்கவில்லை என்று கண்டு, நிந்தனை எதுவும் சொல்லாமல் விலகினார். கடுந்தவம் செய்தும் பார்த்து, அதையும் விட்டார். பின்னர் கயையில் போதி மரத்தடியில் ஞானம் பெற்றபோது, இதை யாருக்கு முதலில் சொல்லலாம் என்று அவர் எண்ணிப் பார்த்தது அந்த இரண்டு ஆசிரியர்களைத்தான். அவர்கள் அதற்குள் காலமாகியிருந்தார்கள். விலகுவதும் நன்றியோடு இருப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

விழிப்பு என்பது அனுபவமா?

இப்போது இரண்டாவது கேள்வி. எனக்கு நெற்றியில் ஒளி தெரிந்தது பொய்யில்லை. அழுததும் பொய்யில்லை. துக்கத்தால் இறுகிய மனம், பல மணி நேர அமைதியிலும் இசையிலும் இளகியது. அது நல்லதுதான். அதற்கு 'விழிப்பு' என்று பெயரிட்டதுதான் தவறு.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னவர் ரமண மகரிஷி. 1896இல் மதுரையில் பதினாறு வயதில், குருவென்று யாரும் இல்லாமலே மரண அனுபவத்தின் வழியாக உண்மையை உணர்ந்தவர் அவர். மனம் அடங்குவதில் இலயம், நாசம் என்று இரண்டு வகை உண்டு, இலயத்தில் அடங்கிய மனம் மறுபடியும் எழும் என்று உபதேச உந்தியாரில் அவர் விளக்குகிறார். இதற்கு அவர் ஒரு கதையும் சொல்வதுண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி. சீடனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு யோகத்தில் ஆழ்ந்தார். பல நூறு ஆண்டுகள் போயின. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை "தண்ணீர் எங்கே?" என்பதுதான். அத்தனை காலமும் மனம் அடங்கித்தான் இருந்தது. அந்தத் தாகம் மட்டும் அப்படியே இருந்தது.

என் கதையும் இதுவே. மூன்று நாள் அடங்கியிருந்த மனம் வீட்டுக்கு வந்ததும் பழைய கோபத்தோடும் புதிய கர்வத்தோடும் எழுந்துகொண்டது.

அப்படியானால் உண்மையான விழிப்புக்கு அடையாளம் என்ன? கீதையின் இரண்டாம் அத்தியாயம் 54ஆம் சுலோகத்தில் அர்ச்சுனன் இதைத்தான் கேட்கிறான். அவன் கேட்கும் விதத்தைக் கவனியுங்கள். நிலைத்த அறிவுடையவன் என்ன காட்சி காண்பான் என்று அவன் கேட்கவில்லை. எப்படிப் பேசுவான், எப்படி அமர்வான், எப்படி நடப்பான் என்று கேட்கிறான். அதற்குக் கண்ணன் 18 சுலோகங்களில் விடை சொல்கிறான். துன்பத்தில் கலங்காமை, இன்பத்துக்கு ஏங்காமை, ஆசை, அச்சம், சினம் நீங்கியிருத்தல், புலன்கள் தன்வசம் இருத்தல், 'எனது' என்பது அகலுதல். ஒளியைப் பற்றியோ சித்திகளைப் பற்றியோ ஒரு சொல்கூட அந்தப் பட்டியலில் இல்லை. சித்திகளை வரிசையாகச் சொல்லும் பதஞ்சலியின் யோக சூத்திரமும் அதே பகுதியில், அவை சமாதிக்குத் தடைகள் என்று எச்சரிக்கிறது.

விவேகானந்தர் வரலாற்றுக்கே திரும்புவோம். 1884இல் தந்தை இறந்து குடும்பம் வறுமையில் விழுந்தது. பசியோடும் வெறுங்காலோடும் நரேந்திரர் வேலை தேடி அலைந்தார். துக்கம் அஞ்ஞானம் என்று ராமகிருஷ்ணர் அவருக்கு உபதேசிக்கவில்லை. காளியிடம் போய் நீயே கேள் என்று அனுப்பினார். மூன்று முறை போயும் நரேந்திரருக்குப் பணம் கேட்க நா எழவில்லை; ஞானமும் பக்தியும் விவேகமுமே கேட்டார். அதன் பிறகு, உன் குடும்பத்துக்கு எளிய சோற்றுக்கும் துணிக்கும் குறைவிராது என்று ராமகிருஷ்ணர் ஆறுதல் கூறினார். பின்னர் காசிப்பூரில், எப்போதும் சமாதியிலேயே மூழ்கியிருக்க விரும்புகிறேன் என்று நரேந்திரர் சொன்னபோது அவர் கடிந்துகொண்டார். நீ பலருக்கு நிழல் தரும் ஆலமரமாக இருப்பாய் என்று நினைத்தேனே, உன் ஒருவன் விடுதலையைத்தானா கேட்கிறாய் என்பது அந்தக் கண்டிப்பு. தியானத்தின் உச்சியையே தொட்டவனை மனிதர்களிடம் திருப்பி அனுப்பிய குரு அவர்.

சேருமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

முண்டக உபநிடதம் குருவுக்கு இரண்டே தகுதி சொல்கிறது: மறைநூல்களைக் கற்றவராகவும் மெய்ப்பொருளில் நிலைத்தவராகவும் இருக்க வேண்டும். இரண்டாவதை அளக்க நம்மால் ஆகாது. ஆனால் நம் அறிவுக்கு எட்டும் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். கொடுத்த விலையிலிருந்து நான் எழுதிக்கொண்ட பட்டியல் இது.

1. கேள்வி கேட்கலாமா? கேட்டவனைக் குற்றவாளியாக்குகிறார்களா? சோதனைக்கு அஞ்சுவது நல்ல நாணயமாக இருக்காது.

2. பணம் எப்படி வாங்கப்படுகிறது? சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் செலவு கேட்பது நியாயம். படிக்குப் படி கட்டணம் உயர்ந்து, 'அடுத்த நிலை'க்கு விலை வைத்தால் அது வியாபாரம். வரவு செலவுக் கணக்கைக் காட்டுகிறார்களா என்றும் பாருங்கள்.

3. இத்தனை நாளில் உறுதி என்று நாள் குறிக்கிறார்களா? உண்மையான ஆசிரியர் முயற்சியைச் சொல்வாரே தவிர, பலனுக்குத் தேதி போடமாட்டார்.

4. வீட்டாரிடம் மறைக்கச் சொல்கிறார்களா? பெற்றோர், மனைவி, மக்கள், பழைய நண்பர்கள் எல்லோரையும் தடை என்று சொல்லி விலக்குகிறார்களா?

5. மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? சர்க்கரை, இரத்த அழுத்தம், மனச்சோர்வு எதற்காயினும் மருத்துவர் தந்த மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் நீண்ட மௌன முகாம்களுக்குப் போகுமுன் மருத்துவரிடம் கேட்பது அவசியம்.

6. தலைவரின் நடத்தைக்குத் தனிச் சட்டமா? மற்றவர் செய்தால் தவறு, அவர் செய்தால் லீலை என்றால் அங்கே நிற்க வேண்டாம். பெண்களும் குழந்தைகளும் அங்கே எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை முக்கியமாகப் பாருங்கள்.

7. விலகியவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? முடிந்தால் விலகியவர் ஒருவரையாவது தேடிப் பேசுங்கள்.

8. பத்து ஆண்டு அங்கே இருந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள்? அன்பு கூடியிருக்கிறதா, அலட்டல் கூடியிருக்கிறதா? மரத்தை அதன் பழத்தைக் கொண்டு அறியலாம்.

இந்த எட்டும் வெளியே பார்க்க. உள்ளே பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: எனக்கு வேண்டியது உண்மையா, ஆறுதலா, பெருமையா? ஆறுதல் வேண்டும் என்றால் அதில் வெட்கம் இல்லை. ஆனால் அதை ஆறுதல் என்று தெரிந்தே தேடுங்கள். எனக்கு அன்று வேண்டியிருந்தது மகனை இழந்த தகப்பனுக்கு ஆறுதல். நான் அதை ஞானம் என்று விலை கொடுத்து வாங்கினேன். வாங்கியது இரண்டுமாக இல்லாமல் போயிற்று.

பிறகு என்ன செய்தேன்?

பெரிதாக ஒன்றுமில்லை. என் மனைவி ஞாயிறுதோறும் தட்சிணேஸ்வரம் போய்க்கொண்டிருந்தாள். நானும் கூடப் போக ஆரம்பித்தேன். கோயில் முற்றத்தின் வடமேற்கு மூலையில் ராமகிருஷ்ணர் வாழ்ந்த அறை இருக்கிறது. அங்கே இருவரும் சிறிது நேரம் உட்கார்ந்திருப்போம். பிறகு படகில் பேலூர் போவோம். ஒருமுறை பேலூரில் வயதான துறவி ஒருவரிடம் என் கதையைச் சொன்னேன். என் தியானத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்கள் மனைவி சரியாகச் சாப்பிடுகிறாரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளாக நான் அதைக் கவனிக்கவில்லை. என் வழி அன்றுதான் தொடங்கியது என்று சொல்வேன். காலையில் கொஞ்சம் ஜபம், மாலையில் அவளோடு அரைமணி நேரம் பேச்சு. பையனைப் பற்றியும் பேசுவோம். எனக்கு விழிப்பு வந்துவிட்டதா? வரவில்லை. ஆனால் வந்தால் அது முதலில் என் வீட்டாருக்குத்தான் தெரியும் என்று தெரிந்துகொண்டேன்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 2021 முதல் மெட்ரோ ரயில் தட்சிணேஸ்வரம் வரை போகிறது. நம்மவர்கள் அதிகம் வாழும் லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காளிகாட் நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நாற்பதாயிரம் போனதை எழுதியிருக்கிறீர்கள், சரி. அந்தப் பிள்ளை முதலில் அம்மாவிடம் சொல்லட்டும் என்று எழுதினீர்களா?" என்றாள். எழுதவில்லை. இதோ எழுதிவிட்டேன்.

தம்பி, அந்தத் தாளை உன் அம்மாவிடம் காட்டு. மேலே சொன்ன எட்டுக் கேள்விகளையும் முகாம் நடத்துகிறவர்களிடம் நேரில் கேள். திருப்தியாக விடை வந்தால் தாராளமாகப் போய் வா. திரும்பி வந்து எனக்கும் சொல். ஞாயிறு மாலை நூலகத்தில்தான் இருப்பேன். வேறு யாருக்கு ஐயம் இருந்தாலும் வரலாம். கட்டணம் கிடையாது.